மூடுபனியில் நிற்கும் பலகைகள்: தனியாளாக ஒரு புதிர்த் தாவல் விளையாட்டை உருவாக்க முழுமையான வழிகாட்டி

குன்னூரில் மாலை நான்கு மணிக்கு மேகம் இறங்கிவிட்டால், எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்திற்கு இறங்கும் 72 படிகளைக் கண் அறியாது, கால்தான் அறியும். எந்தப் படி உடைந்திருக்கிறது, கைப்பிடிக் கம்பி எங்கே முடிகிறது என்பதெல்லாம் வெயில் நேரத்தில் பார்த்து நினைவில் வைத்தவை. வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக இரண்டரை ஆண்டுகள் உட்கார்ந்து நான் உருவாக்கிய கணினி விளையாட்டின் விதி இந்தப் படிகளில்தான் கிடைத்தது: மூடுபனி சூழ்ந்த இடத்தில் மட்டுமே பலகைகள் திடமாக இருக்கும், பனி விலகினால் அவை கண்ணுக்குத் தெரியும், ஆனால் அவற்றின்மேல் நிற்க முடியாது.

அந்த விளையாட்டு இப்போது வெளிவந்துவிட்டது. அதை உருவாக்கும்போது கற்றவற்றை, முதல் எண்ணத்தில் தொடங்கி விற்பனைப் பக்கம் வரை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதுவதில் ஓரளவு பழக்கம் இருந்தும் ஒரு விளையாட்டையும் முடித்து வெளியிட்டிராத ஒருவரை, அல்லது இரண்டு நண்பர்களை, மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கையும் மனமும்

ஆங்கிலத்தில் பஸில் பிளாட்பார்மர் எனப்படும் இந்த வகை, இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டதில் பிறந்தது. ஒரு வீட்டில் மேடைக்கு மேடை தாவி ஓடும் விளையாட்டு. மற்ற வீட்டில் உட்கார்ந்து யோசித்து விடுவிக்கும் புதிர். முதல் வீட்டில் தோல்வி என்றால் விரல் பிந்திவிட்டது என்று பொருள். இரண்டாம் வீட்டில் தோல்வி என்றால் யோசனை பிசகிவிட்டது என்று பொருள். இரண்டையும் ஒரே திரையில் வைக்கும்போது, ஆட்டக்காரர் விழுந்ததற்கு எது காரணம் என்று அவருக்கே தெரியாமல் போகும் ஆபத்து வருகிறது. சரியான விடையைக் கண்டுபிடித்த ஒருவர், விரல் ஒரு கணம் பிந்தியதால் பள்ளத்தில் விழுந்தால், விடையே தவறு என்று முடிவு செய்து வேறு வழி தேடத் தொடங்குவார். இல்லாத வழியை அரை மணி நேரம் தேடிவிட்டு விளையாட்டை மூடிவிடுவார். அவர் திரும்பி வரப்போவதில்லை.

ஆகவே கை தடுமாறக் கூடாது, மனம் மட்டுமே தடுமாற வேண்டும். கீழே வரும் முடிவுகளில் பெரும்பாலானவை, வெறும் எண்களாகத் தோன்றுபவை உட்பட, இந்த ஒன்றிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: ஒரே ஒரு விதி

புதிதாகத் தொடங்குபவர்களிடம் பெரும்பாலும் கதை இருக்கும், நாயகன் இருப்பான், பத்து உலகங்களின் பெயர்கள்கூட இருக்கும். விதி மட்டும் இருக்காது. இந்த வகையில் பேர் வாங்கிய விளையாட்டுகளைப் பாருங்கள். 2008இல் வந்த பிரெய்டில், நடந்துவிட்ட காலத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். 2010இல் வந்த விவிவிவிவிவியில் குதிப்பதற்கே பொத்தான் கிடையாது. ஈர்ப்பின் திசையைத் தலைகீழாக்குவது ஒன்றுதான் ஆட்டக்காரரால் முடியும். 2012இல் வந்த ஃபெஸ்ஸில், தட்டையாகத் தெரியும் உலகத்தைத் தொண்ணூறு பாகை சுழற்றினால் அதன் இன்னொரு பக்கம் தெரியும். ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறது, அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் "அப்படியானால் இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் விதியைக் கேட்பவருக்கு அந்தக் கேள்வி எழவில்லையென்றால் விதியை மாற்றுங்கள்.

விதி கிடைத்ததும் படம் வரையத் தொடங்காமல், சாம்பல் நிறக் கட்டங்களை மட்டும் வைத்து ஒரு வார இறுதிக்குள் விளையாடிப் பார்க்கக்கூடிய மாதிரி ஒன்றைச் செய்யுங்கள். 2018இல் வெளிவந்து உலகெங்கும் அறியப்பட்ட செலஸ்ட்டின் முதல் வடிவம், பிகோ-8 என்ற மிகச் சிறிய கற்பனைக் கணினிக்காக நான்கே நாட்களில் செய்யப்பட்டது. என் மாதிரியில் ஆட்டக்காரர் ஒரு செவ்வகம், மூடுபனி ஒரு வெள்ளைச் சதுரம். அதை வைத்துக்கொண்டு தாளில் 20 புதிர்கள் எழுத முயன்றேன்; 12ஆவதில் மூச்சு முட்டியது. ஆனால் அந்த 12இல் ஐந்து, நானே எதிர்பாராத விதத்தில் விதியிலிருந்து தாமாக முளைத்தவை. தொடர்ந்து செய்ய அது போதும் என்று அன்று முடிவு செய்தேன். ஐந்துகூட முளைக்காத இரண்டு விதிகளை அதற்கு முன்பு கைவிட்டிருந்தேன், அவற்றுக்காக வருந்தவில்லை.

இரண்டாம் படி: கருவிகள்

இதில் அதிக நாள் செலவிட வேண்டாம். இருபரிமாண விளையாட்டுக்கு, எஞ்சின் எனப்படும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களில் ஒன்றான கோடோ போதுமானது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் தொடங்கி, 2014இல், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தின்கீழ், திறந்த மூலமாக வெளியிட்ட கருவி அது. கட்டணமும் இல்லை, விற்பனையில் பங்கும் இல்லை. யூனிட்டி இதைவிடப் பெரியது, கற்பிக்கும் பாடங்களும் அதற்கு அதிகம். ஆனால் 2023 செப்டம்பரில் அந்நிறுவனம் நிறுவல்களின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் என்று அறிவித்து, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு மறு ஆண்டு செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. இரண்டு மூன்று ஆண்டுகள் எடுக்கும் வேலையைத் தொடங்குபவர், நடுவழியில் மாற்ற முடியாத உரிமத்தை விரும்புவது இயல்புதான். மலையில் இணைய இணைப்பு வந்து போய்க்கொண்டிருக்கும் என்பதால், பதிவிறக்கம் சிறிதாக இருப்பதும், இணையம் இல்லாமலே திறந்து வேலை செய்ய முடிவதும் எனக்குக் கூடுதல் காரணங்கள்.

கருவியைவிட முக்கியமானது காப்பு நகல். ஒரு ஐப்பசி மாத இரவு, வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போய் வந்துகொண்டிருந்தது. கணினி சேமித்துக்கொண்டிருந்த அதே நொடியில் நின்றது. மறுபடி திறந்தபோது நான் செய்துகொண்டிருந்த லெவலின் கோப்பு இருந்தது, அதன் அளவு பூஜ்யம். பதினொரு நாள் வேலை போயிற்று. செய்த மாற்றங்களையெல்லாம் பதிந்து வைத்து, வேண்டியபோது பழைய நிலைக்குத் திரும்ப உதவும் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலை முதல் நாளே நிறுவி, ஒவ்வொரு மாலையும் வேலையை நிறுத்துமுன் பதிந்து, வாரம் ஒருமுறை வேறொரு வட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். இதே பாடம் ஆட்டக்காரர்களின் சேமிப்புக்கும் பொருந்தும்: பழைய சேமிப்புக் கோப்பின் மேலேயே எழுதாமல், தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றுங்கள், இடையில் மின்சாரம் போனாலும் பழையதாவது மிஞ்சும்.

மூன்றாம் படி: குதித்தலின் கணக்கு

இங்கேதான் நிதானம் வேண்டும். திரையை 320க்கு 180 புள்ளிகளாக (பிக்சல்களாக) வைத்துக்கொண்டால், நான்கு மடங்கில் 1280க்கு 720ம், ஆறு மடங்கில் 1920க்கு 1080ம் பின்னமில்லாமல் கிடைக்கும். கட்டம் ஒன்று 16 புள்ளி என்றால் அகலத்தில் 20 கட்டங்கள். உயரத்தில் 11 கட்டங்களும் கால் கட்டமும்.

பலர் ஈர்ப்புக்கும் குதிக்கும் வேகத்துக்கும் ஏதோ இரண்டு எண்களைப் போட்டு, சரியாகத் தோன்றும்வரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எவ்வளவு உயரம் எழ வேண்டும், உச்சியை அடைய எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்ற இரண்டையும் நீங்கள் முடிவு செய்யுங்கள். மற்றவை தாமாக வரும். உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு. உயரத்தின் இரு மடங்கை நேரத்தால் வகுத்தால் எழும்பும் வேகம். என் விளையாட்டில் உயரம் 50 புள்ளி, நேரம் 0.4 நொடி; ஆகவே ஈர்ப்பு 625, எழும்பும் வேகம் நொடிக்கு 250. மூன்று கட்டம் என்பது 48 புள்ளி, ஆகவே மூன்று கட்டத் திண்டில் ஏற முடியும், நான்கு கட்டத்தில் முடியாது. கணக்கு கச்சிதம் என்று நினைத்தேன்.

ஓட்டிப் பார்த்தால் மூன்று கட்டத் திண்டில் ஏறவே முடியவில்லை. ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. தாளில் காலம் தொடர்ச்சியாக ஓடுகிறது. கணினியில் அது நொடிக்கு 60 துண்டுகளாக வெட்டப்பட்டு ஓடுகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஈர்ப்பை வேகத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு உருவத்தை நகர்த்தினால், உச்சி உயரம் 50 ஆக இராமல் 47.9 ஆகிவிடுகிறது. 48க்கு ஒரு மயிரிழை குறைவு! நகர்த்திவிட்டுப் பிறகு ஈர்ப்பைச் சேர்த்தால் 52.1 கிடைக்கிறது. இரண்டு வரிகளின் வரிசையை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. ஆனால் உயரத்தை எல்லைக்கோட்டில் வைக்கக் கூடாது என்பதையும் அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது ஈர்ப்பை அதிகமாக்குவது வழக்கம். உருவம் காற்றில் பலூன்போல மிதக்காமல் கனத்துடன் தரையிறங்குவதாகத் தோன்றும். நான் 1.6 மடங்கு வைத்தேன், அதாவது 1000. இறங்க 0.316 நொடி ஆகிறது. ஏற்றத்தையும் சேர்த்தால் காற்றில் இருக்கும் நேரம் 0.716 நொடி. ஓடும் வேகம் நொடிக்கு 100 புள்ளி என்பதால் கடக்கும் தூரம் ஏறக்குறைய 71.6 புள்ளி. நான்கு கட்டப் பள்ளம் 64 புள்ளி, அதைத் தாண்டலாம். ஐந்து கட்டம் 80 புள்ளி, அதைத் தாண்ட முடியாது. இந்த நம்பிக்கையில், "முடியாது" என்று காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் ஐந்து கட்டப் பள்ளம் வைத்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் முதல் நாளே அதைத் தாண்டிவிட்டாள். பனியை வரவழைக்க நான் தொங்கவிட்டிருந்த கயிற்றைக் காட்டி, "அண்ணா, இப்படியே போயிடலாமே, அந்தக் கயிறு எதுக்கு?" என்று கேட்டாள். நான் உருவத்தை ஒரு புள்ளியாக எண்ணிக் கணக்குப் போட்டிருந்தேன். அதற்கு 10 புள்ளி அகல உடல் இருக்கிறது. குதிகால் இந்தக் கரையை விடும்போது தொடங்கி, விரல்நுனி அந்தக் கரையைத் தொடும்போது முடிவதால், 71.6 என்பது 81.6 ஆகிவிடுகிறது. இதன்மேல் நானே கொடுத்திருந்த சலுகை வேறு சேர்ந்தது. அதை அடுத்துச் சொல்கிறேன். அதையும் கூட்டினால் 90 புள்ளியை நெருங்கும். அன்றிலிருந்து என் விதி இது: தாண்டக்கூடிய பள்ளம் நான்கு கட்டம், தாண்ட முடியாத பள்ளம் ஏழு கட்டம், ஐந்தும் ஆறும் என் விளையாட்டில் எங்கும் இல்லை. ஆட்டக்காரர் பார்த்த மாத்திரத்தில் "இது ஆகும், இது ஆகாது" என்று சொல்ல முடிந்தால்தான் மிச்ச நேரத்தை யோசிப்பதில் செலவிடுவார்.

அந்தச் சலுகை இதுதான். மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் சுமார் 0.1 நொடிக்கு, அதாவது ஆறு துண்டுகளுக்கு, குதிக்க அனுமதிப்பது. கொயோட்டி டைம் என்று இத்துறையினர் இதைச் சொல்வார்கள். இதன் உடன்பிறப்பு, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டவரின் விருப்பத்தை நினைவில் வைத்திருந்து, தரை தொட்டதும் குதிக்க வைப்பது. இரண்டும் ஏமாற்று வேலை போலத் தோன்றலாம். ஆனால் மனிதர் அழுத்தியதாக நினைக்கும் நேரமும் உண்மையில் அழுத்திய நேரமும் ஒன்றல்ல. அவர் நினைத்ததை மதிப்பதுதான் நியாயம். இந்தச் சலுகைகள் இருப்பதை ஆட்டக்காரர்கள் கவனிக்கவே மாட்டார்கள். எடுத்துவிட்டால் மட்டும் "கன்ட்ரோல் சரியில்லை" என்பார்கள்.

விசைப்பலகையைப் பற்றியும் ஒரு சொல். மலிவான விசைப்பலகைகள் பலவற்றில் இடது அம்பு, மேல் அம்பு, ஸ்பேஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. இதை நிரலால் சரிசெய்ய முடியாது. பொத்தான்களை ஆட்டக்காரரே மாற்றிக்கொள்ளும் வசதியை முதலிலிருந்தே வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: லெவல்கள்

வேலையின் பெரும்பகுதி இதுதான். நான் 61 லெவல்கள் செய்து 34ஐ வைத்துக்கொண்டேன். கழித்த 27இல் பெரும்பாலானவை மோசமானவை அல்ல. ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொன்னவை. ஒவ்வொரு லெவலுக்கும் "இதை முடித்தவருக்கு முன்பு தெரியாத எது இப்போது தெரிகிறது?" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இரண்டு லெவல்களுக்கு ஒன்றாக இருந்தால் ஒன்றை நீக்குங்கள்.

விதியைக் கற்பிக்க எழுத்துப் பலகை வைப்பது எளிது; ஆனால் புதிரின் சுவையை அது பாதியாக்கிவிடும். முதலில், தவறினால் ஒன்றும் ஆகாத இடத்தில் விதியைச் சந்திக்க விடுங்கள். என் முதல் லெவலில் பலகைக்குக் கீழே பள்ளமே இல்லை. பனி விலகினால் ஆட்டக்காரர் ஒரு கட்டம் கீழே புல்லில் இறங்குவார், அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: கல்லாறு முதல் குன்னூர் வரை, 12க்கு 1 என்ற செங்குத்தான ஏற்றத்தில், நீராவி எஞ்சின் பெட்டிகளை முன்னால் நின்று இழுப்பதில்லை; பின்னால் நின்று தள்ளுகிறது. லெவல் அமைப்பவரும் அப்படித்தான் பின்னால் நிற்க வேண்டும். அதே ரயில் வழியில் ஹில்குரோ நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நின்று, பயணிகள் இறங்கி டீ குடித்த பிறகுதான் புறப்படும். மூன்று கடினமான புதிர்களுக்குப் பிறகு, நடந்து போய் மலையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரு லெவலை நான் வைத்ததற்கு அதுதான் முன்மாதிரி.

ஒரு லெவல் எப்படி உருவாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். என் விளையாட்டின் களம் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலை. இலையை வாட்டும் மேல்தளக் கூடத்தில் இடப்புறம் ஒரு ஜன்னல், வலப்புறம் ஒரு ஜன்னல். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதால் ஒன்று திறந்தால் மற்றது மூடும். இடது ஜன்னல் திறந்திருந்தால் கூடத்தின் இடப்பாதியில் மூடுபனி, இடப்பலகை திடம். வலது திறந்திருந்தால் வலப்பலகை திடம். இரு பலகைகளுக்கும் இடையே நான்கு கட்டம். கயிற்றின் பிடி நடுவில் உத்தரத்திலிருந்து தொங்குகிறது. இடப்பலகையில் நிற்கும்போது கயிற்றை இழுத்தால் நிற்கும் பலகையே போய்விடும். இழுக்காமல் குதித்தால் வலப்பலகையின் ஊடே விழுவார். பெரும்பாலோர் இங்கே இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நிற்பார்கள். விடை: குதித்து, காற்றில் உச்சியில் இருக்கும்போது கயிற்றைத் தொட வேண்டும். எதன்மேலும் நிற்காத நேரத்தில்தான் தரையை மாற்ற முடியும்.

இந்த லெவலை முதலில் செய்தபோது, ஜன்னல் திறந்து பனி பரவ அரை நொடி வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. விடையைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். உச்சியிலிருந்து இறங்க 0.316 நொடிதான் ஆகிறது. பனி வந்து சேருவதற்குள் கால் பலகையைக் கடந்துவிடுகிறது. மேலே நான் சொன்ன அந்தப் பெருங்குற்றத்தை, சரியாக யோசித்தவரைத் தண்டிப்பதை, நானே செய்திருந்தேன். பனி பரவும் நேரத்தை 0.2 நொடியாகக் குறைத்ததும் ஏழு துண்டு அவகாசம் கிடைத்தது. கயிற்றின் பிடியையும், பலகையின் விளிம்பிலிருந்து இயல்பாகக் குதிப்பவரின் உச்சிப்புள்ளி விழும் 40ஆவது புள்ளியிலேயே தொங்கவிட்டேன். விடை தெரிந்தவருக்குக் கை தானாகப் பிடியில் போய்ப் படும். இந்தப் புதிருக்கு இரண்டு லெவல்கள் முன்பே, எந்த ஆபத்தும் இல்லாத இடத்தில், குதித்துத் தொட்டால் மணி அடிக்கும் கயிறு ஒன்று இருக்கிறது. குதித்தும் கயிற்றைத் தொடலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சிக்கிக்கொள்ளும் நிலையையும் கவனியுங்கள். சில வரிசையில் செய்தால் லெவல் விடுவிக்க முடியாததாகிவிடும், ஆனால் ஆட்டக்காரர் சாகவும் மாட்டார். அப்படிப்பட்ட நிலைகளை முற்றிலும் ஒழிப்பது கடினம். ஒரே பொத்தானில் லெவலை மீண்டும் தொடங்கும் வசதியைக் கொடுத்து, அதைத் திரையின் மூலையில் எப்போதும் காட்டுங்கள். மீண்டும் தொடங்க ஒரு நொடிக்கு மேல் ஆகக் கூடாது; கறுத்த திரை, ஏற்றப்படுகிறது என்ற அறிவிப்பு எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: படம், ஒலி, எழுத்து

தனியாளுக்கு ஓவியம் பெரிய தடை. என் கை ஓவியனின் கை அல்ல. ஆனால் 2010இல் வந்த லிம்போ கறுப்பு வெள்ளையிலேயே முழுதும் நின்றது. குறைவான நிறம் ஒரு குறை அல்ல. தொட்டபெட்டா பக்கம் காலையில் பார்த்தால் அருகிலுள்ள மலை கரும்பச்சையாகவும், அடுத்தது நீலமாகவும், அதற்கடுத்தது சாம்பலாகவும், கடைசி வரிசை வானத்திலிருந்து பிரித்தறிய முடியாததாகவும் இருக்கும். ஐந்து அடுக்குகளை இப்படி வெளிறச் செய்து, பின்னால் உள்ளதை மெதுவாகவும் முன்னால் உள்ளதை வேகமாகவும் நகர்த்தினால் ஆழம் கிடைத்துவிடும். நிற்கக்கூடியவற்றுக்கு மட்டும் ஒரு கருமையான மேல்விளிம்பு கொடுங்கள். அந்த விளிம்பு பின்னணியில் வேறு எங்கும் வரக் கூடாது. நிறத்தை மட்டும் நம்பிப் பொருள்களை வேறுபடுத்தாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் விளையாடுவார்கள்.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நீலகிரியைக் களமாக வைப்பவர்கள் தோடர் பூத்தையல் வடிவங்களையோ அவர்களுடைய கோயில்களின் வளைந்த கூரையையோ அழகுக்காக எடுத்து ஒட்டிவிட நினைப்பார்கள். அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு உண்டு; அந்தக் கூரையின்கீழ் வழிபாடு நடக்கிறது. கேட்டு, அனுமதி பெற்று, கூலி கொடுத்துச் செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் விட்டுவிட்டேன். தொழிற்சாலையின் தகரக் கூரையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒலிக்குக் கைபேசியும் பொறுமையும் போதும். சீகாரப் பூங்குருவி விடியலில் மனிதர் சீட்டியடிப்பது போலவே பாடும். அதைப் பதிவு செய்ய நான்கு காலை எழுந்தேன், மூன்றில் நாய் குரைத்தது. குதித்தல், தரையிறங்குதல், கயிற்றைத் தொடுதல் ஆகிய மூன்று ஒலிகளும் ஆயிரக்கணக்கான முறை கேட்கப்போகின்றன என்பதால், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து சிறு வேறுபாடுகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யுங்கள்.

தமிழ் எழுத்தில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது வரிசை. "கெ" என்பதில் சேமிப்பில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் இருக்க, திரையில் கொம்பு இடப்பக்கம் வர வேண்டும். "கொ" என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். எழுத்துக்குறிகளை இப்படி இடம் மாற்றி அமைக்கும் நிரல் இல்லாத எஞ்சினில் கொம்பு தனியே, புள்ளி வட்டத்துடன் தொங்கும். கோடோவின் நான்காம் பதிப்பில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. மூன்றாம் பதிப்பில் இல்லை. இரண்டாவது அளவு. ஆங்கில எழுத்தை எட்டுப் புள்ளி உயரத்தில் வரைந்துவிடலாம்; ழகரத்தையும் ணகரத்தையும் அந்த உயரத்தில் அடைக்க முடியாது. ஆகவே விளையாட்டு 320க்கு 180இல் ஓடினாலும், எழுத்தை மட்டும் திரையின் முழுத் தெளிவில் தனி அடுக்காக வரையுங்கள். கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ தமிழ் எழுத்துரு எதற்கும் கைகொடுக்கும். தமிழில் விளையாட்டு செய்தால் யார் பார்ப்பார்கள் என்று தயங்குபவர்கள் 2023இல் வந்த வெண்பாவை நினைத்துப் பார்க்கலாம்: கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்துச் செய்யப்பட்ட அந்தச் சிறு புதிர் விளையாட்டு, மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

ஆறாம் படி: பிறர் விளையாடுவதைப் பார்த்தல்

சோதனை என்பது "எப்படி இருக்கிறது?" என்று கேட்பது அல்ல. அதற்கு எல்லோரும் "நல்லா இருக்கு" என்றே சொல்வார்கள். பின்னால் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், எதை முதலில் தொட்டார் என்று குறிப்பெடுங்கள். உதவி கேட்டாலும் சொல்லாதீர்கள். வாங்கி விளையாடுபவரின் வீட்டில் நீங்கள் இருக்கப்போவதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமாவுக்கு டீயும் வர்க்கியும் கொடுத்து உட்கார வைத்தேன். மூன்றாவது லெவலில் ஜன்னலுக்கு முன்னால் நான்கு நிமிடம் நின்றார். கயிறு கண்ணெதிரே தொங்குகிறது, தொடவே இல்லை. கடைசியில் திரும்பிப் பார்த்து, "தம்பி, இந்த ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் எங்கப்பா?" என்றார். நான் வரைந்த ஜன்னலுக்குத் தாழ்ப்பாளும் இல்லை, கயிறு ஜன்னலோடு சேரும் இடமும் இல்லை. இரண்டும் சம்பந்தமில்லாமல் அருகருகே இருந்தன. அவர் வாழ்நாளில் கண்ட எந்த ஜன்னலும் அப்படித் திறந்ததில்லை. கயிற்றை உருளை வழியாகக் கொண்டுபோய்த் தாழ்ப்பாளில் கட்டுவதுபோல ஆறு புள்ளிகள் கூடுதலாக வரைந்தேன். அதன் பிறகு விளையாடிய எவரும் அங்கே அரை நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. விளையாட்டே ஆடிப் பழகாத ஒருவரைச் சோதனைக்கு அழைப்பதன் பயன் இதுதான். பழகியவர் எல்லாக் கயிற்றையும் இழுத்துப் பார்த்துவிடுவார், உங்கள் பிழை மறைந்துவிடும்.

ஒருவர் ஒரு லெவலை ஒருமுறைதான் புதிதாகப் பார்க்க முடியும். ஆகவே தெரிந்தவர்கள் எல்லோரையும் முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் மாற்றுங்கள். ஒருவர் மட்டும் தடுமாறினால் காத்திருங்கள்.

ஏழாம் படி: வெளியிடுதல்

முதலில், தனியாட்கள் தங்கள் விளையாட்டுகளை வைக்கும் இட்ச் இணையதளத்தில் சில லெவல்களை இலவசமாக வையுங்கள். அங்கே கட்டணம் இல்லை, தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். கணினி விளையாட்டுகளை விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். விற்பனையில் 30 சதவீதம் தளத்துக்குப் போகும். பணம் கட்டியதிலிருந்து வெளியிட 30 நாள் காத்திருக்க வேண்டும். "விரைவில்" என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது பொதுவில் இருக்க வேண்டும். இவை குறைந்தபட்சம்தான். பக்கத்தை ஆறு மாதம் முன்பே திறந்தால்தான் விருப்பப் பட்டியலில் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். வெளிவரப்போகும் விளையாட்டுகளின் மாதிரிகளுக்காக ஸ்டீம் ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவில் ஒரு விளையாட்டு ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம் என்பதால், மாதிரிப் பதிப்பு முழுமையாகத் தயாரான பிறகே அதைப் பயன்படுத்துங்கள்.

வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதற்குப் பயந்து விளையாட்டை நீட்டுபவர்கள் உண்டு. நான் கழித்த 27 லெவல்களைத் திரும்பச் சேர்த்தால் என் இரண்டு மணி நேர விளையாட்டு நான்கு மணி நேரமாகியிருக்கும், செய்யவில்லை. சிலர் முழுவதும் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கினார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது.

வெளியான முதல் வாரத்தில் பிழைத் தகவல்கள் வந்து குவியும். சேமிப்புக் கோப்பில் பதிப்பு எண்ணை எழுதி வைத்திருந்தால், திருத்தம் வெளியிட்ட பிறகு பழைய சேமிப்பைப் புதியதாக மாற்ற முடியும். எழுத்துப் பிழை, ஒலி, பொத்தான் எதையும் திருத்தலாம். ஒருவர் குதித்தல் கொஞ்சம் கனமாக இருப்பதாக எழுதினார். இன்னொருவர் இலேசாக இருப்பதாக எழுதினார். ஈர்ப்பை 600 ஆக்கிப் பார்க்கலாமே என்று ஒரு இரவு எனக்கும் தோன்றியது. ஆக்கிப் பார்த்தேன்: உச்சி 54 புள்ளியாக உயர்ந்தது, வாட்டல் கூடத்தில் உச்சிப்புள்ளி கயிற்றைத் தாண்டிப் போயிற்று, வேறு இரண்டு லெவல்களில் விடை இல்லாமலே மேலே ஏறிவிட முடிந்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக 625ஐத் திரும்பப் போட்டேன்.